பஸ்ஸா, கிளாஸா?

மேனேஜர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். "பஸ்ஸா, கிளாஸா? இன்னிக்காவது முடிவைச் சொல்லுங்க."

"கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன் சார்" என்றார் பல்கலை.

பல் மருத்துவர்களுக்கான நாற்காலி செய்யும் கம்பெனியில் அவர் மூத்த மென்பொருள்காரர். வேலை பல் சம்பந்தப்பட்டது. எதைக் கேட்டாலும் தெரியும் என்று தலையாட்டுவது குணம். இரண்டையும் சேர்த்து ஆபீஸ் வைத்த பெயர்தான் பல்கலை.

நாற்காலியில் விளக்கு, தண்ணீர்க் குழாய், பல்லைத் துளைக்கும் கருவி என்று என்னென்னவோ தொங்கும். அவற்றையெல்லாம் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்துவைக்கும் டிரைவர் என்ற புரோகிராம்களை எழுதுவது அவர் பொறுப்பு. அவற்றை எப்படிப் பிரித்து அடுக்குவது என்பதில்தான் சிக்கல். எந்த ஒயர் வழியாக வந்தாய் என்று கேட்டுப் பிரித்தால் அது பஸ். வந்து என்ன வேலை செய்வாய் என்று கேட்டுப் பிரித்தால் கிளாஸ்.

எது சரி என்று பல்கலைக்குத் தெரியவில்லை. ஜூனியர்களுக்கு அவரே பாடம் எடுத்த விஷயம் என்பதால் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. காலையில் ஷூவை மாட்டியபடி "பஸ்ஸா, கிளாஸா" என்று முணுமுணுத்தபோது, "பஸ்லயே போங்க, வண்டில பெட்ரோல் இல்ல" என்று தீர்ப்புச் சொன்ன ஒரே ஜீவன் அவர் மனைவிதான்.

அப்போதுதான் எச்.ஆர். பெண் வந்து, மென்பொருள் பிரிவுக்கு ஆள் எடுக்கிறோம், நேர்காணலில் நீங்கள் உட்கார முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பல்கலைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கேள்வி கேட்கிறவருக்குப் பதில் தெரியுமா என்று எந்த நேர்காணலிலும் யாரும் சோதிப்பதில்லை.

முதலில் வந்த டை கட்டிய இளைஞன், யோசிக்காமல் பஸ் என்றான். பல்கலை புருவத்தை உயர்த்தி, அவனை மடக்குகிறவர் மாதிரி "ஏன்?" என்றார். அவன் அடுக்கிய காரணங்களை மனப்பாடம் செய்துகொண்டு, அவனை அனுப்பிய கையோடு எல்லாவற்றையும் பஸ்ஸாக மாற்றினார். மறுநாள் விளக்கைக் கழற்றி வேறு ஒயரில் செருகிப் பார்த்தார்கள். நாற்காலி பழைய ஒயரிலேயே விளக்கைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் தேறமாட்டான் என்று பல்கலை எச்.ஆரிடம் சொல்லிவிட்டார்.

அடுத்து வந்த நடுத்தர வயதுக்காரர் மேஜையைத் தட்டி, கிளாஸ்தான் என்றார். பல்கலை மொத்தத்தையும் பிரித்துக் கிளாஸாக மாற்றினார். எந்த ஒயரில் எது என்று விசாரிக்க இப்போது ஆளே இல்லை. போட்டால் எரிகிற விளக்கும் போட்டால் பீய்ச்சுகிற தண்ணீரும் ஒரே கிளாஸில் தோள்மேல் கைபோட்டு உட்கார்ந்துவிட்டன. மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து விளக்கின் பட்டனை அழுத்தினார். தண்ணீர் அவர் மூக்கில் ஆரம்பித்துச் சட்டைப்பை வரைக்கும் போனது. அவர் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேர்காணலைச் சீக்கிரம் முடியுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவதாக ஒரு பெண் வந்தாள். பல்கலைக்குக் கேள்வி கிட்டத்தட்ட கெஞ்சலாகவே வந்தது.

"ஏன் சார் ஒண்ணை மட்டும் எடுக்கணும்? ரெண்டும் வேற வேற கேள்வியாச்சே" என்றாள் அவள். "வந்திருக்கிற சாமானைக் கண்டுபிடிச்சு, அதுக்கான டிரைவரோட சேர்த்து வைக்கிறது பஸ். எந்த ஒயர்ல வந்தாலும் விளக்கு விளக்குதான்னு மேல இருக்கிற புரோகிராமுக்குச் சொல்றது கிளாஸ். ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே."

அதைத்தான் நானும் நினைத்தேன் என்று சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லியும் விட்டார். அவள் சொன்னபடியே செய்ததும் விளக்கு செருகிய இடத்திலெல்லாம் எரிந்தது. மேனேஜர் உலர்ந்த சட்டையோடு எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

பல்கலை நேராக எச்.ஆர். அறைக்குப் போனார். இந்தப் பெண்ணை விட்டால் வேறு கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும், நாளைக்கே சேரச் சொல்லுங்கள் என்று அடித்துப் பேசினார். இனி எந்தச் சந்தேகம் வந்தாலும் பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பினால் போதும் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

எச்.ஆர். பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தன்னோட சீட்டுக்குத் தானே உட்கார்ந்து ஆள் தேடிக் குடுக்கிற மனசு யாருக்கு சார் வரும்?"