மூட்டைத் தலையர்

கேலிச்சித்திரத்தில் இருப்பது தான்தான் என்று தெரியாமல், அதன் பக்கத்திலேயே நின்று, அடியில் இருந்த இங்கிலீஷைத் தமிழில் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்த முட்டாள் யாராவது உண்டா? உண்டு. அடியேன்தான். அதற்கு வசதி செய்து கொடுத்தவர் பொழிப்புரை அண்ணாச்சி.

அண்ணாச்சி அர்த்தம் சொல்லாத படம் அந்த நாளில் வளைகுடா முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்காது. எழுபதுகளின் கடைசி. ஜெபல் அலியில் துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி சாரம் கட்டுகிறவர், திருநெல்வேலிப் பக்கம். நிஜப் பெயர் எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் யாருக்கும் தெரியாது. சைட்டில், உயரத்திலிருந்து ஒருவன் தலைகீழாக விழுவது போல ஓர் எச்சரிக்கைப் பலகை உண்டு. "விழுதான்னு நெனைக்கியளா? லீவு கெடைச்சிட்டு, ஊருக்குப் பாயுதான்!" என்பார். மின்சாரப் பெட்டியில் இருந்த மண்டையோட்டுக்கு, "கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆளு. பல்லைப் பாரும், என்னா சந்தோசம்!"

இப்பேர்ப்பட்டவர் கையில், நாடு திரும்பிய ஓர் அமெரிக்க சர்வேயர் விட்டுப்போன கேலிச்சித்திரப் புத்தகம் சிக்கியது. நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கா. நியூயார்க் நகரத்தைச் சுரண்டித் தின்ற அரசியல்வாதிகளைப் பத்திரிகைகள் கிழித்துப்போட்ட படங்கள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மெஸ் வாசலில் விளக்கவுரை நடக்கும். நான் பி.ஏ. சரித்திரம், ஆகவே மொழிபெயர்ப்பாளன். அதோடு மெஸ் இன்சார்ஜ். அந்தப் பதவியில் ஒரே ஒரு சுகம்: வியாழக்கிழமைதோறும் சாமான் வாங்க பிக்கப்பில் டவுனுக்கு, தேராவுக்குப் போகலாம். கேம்ப்பே மணலைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் கடைத்தெருவையும் படகுகளையும் பார்த்துவிட்டு வருவேன். அதை விடுவதற்குப் பதில் உயிரை விட்டிருப்பேன்.

முதல் படத்தில் ஒரு தொந்திக்காரர். கழுத்துக்கு மேலே முகத்துக்குப் பதில் ஒரு மூட்டை.

"அரிசி மூட்டை. இவன் மெஸ் இன்சார்ஜ்" என்றார் அண்ணாச்சி.

"ஐயோ அண்ணாச்சி, அது பண மூட்டை! இவர் நியூயார்க்கையே ஆட்டிவெச்ச தலைவர்!" என்று நான் சிரித்தேன். கூட்டமும் சிரித்தது. அவர்கள் படத்தை விட்டுவிட்டு என் தொந்தியைப் பார்த்துச் சிரித்தது எனக்கு உறைக்கவில்லை.

உற்சாகத்தில் மேலும் அவிழ்த்துவிட்டேன். "காவல்லேர்ந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடிட்டாராம். அங்கே வேறொரு கார்ட்டூனை வெச்சே ஆளைப் பிடிச்சுட்டாங்க. அந்தப் படத்துல குழந்தைங்க இருந்ததால, பிள்ளை பிடிக்கிறவன்னு நெனச்சாங்களாம்!"

அண்ணாச்சி கண்ணை மூடி ரசித்தார். "காரணம் தப்பு, ஆளு சரி. அது போதும்லா."

மறு வெள்ளிக்கிழமை கோழிக்குழம்பு. ஆனால் பாதிப் பேர் சாப்பிடுவதற்குள் சோறு காலி. மிச்சப் பேர் தட்டைத் தட்டினார்கள். அரிசி எங்கே? நான் சமையல்காரரைக் காட்டினேன். சமையல்காரர் ஸ்டோர்காரரைக் காட்டினார். ஸ்டோர்காரர் பிக்கப் டிரைவரை. டிரைவர் என்னை.

"ஒருத்தரும் அசையப்படாது!" என்று கத்திய அண்ணாச்சி, ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தார். வட்டமாக நிற்கும் அமெரிக்கக் கனவான்கள், ஆளுக்கு ஆள் பக்கத்து ஆளைக் காட்டிக்கொண்டு. எங்களிடம் தொப்பிதான் இல்லை.

"பாத்தியளா! அரிசிக் கள்ளன் இன்சார்ஜ்தான்!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அரிசியை நான் தொட்டதே இல்ல அண்ணாச்சி! வாராவாரம் ஒரு லெக் பீஸ் தனியா எடுத்துவைக்கச் சொல்வேன், அவ்வளவுதான்!"

லெக் பீஸ் விஷயம் அதுவரை என்னையும் சமையல்காரரையும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"காரணம் தப்பு..." என்றது ஒரு குரல்.

"ஆளு சரி!" என்றது கேம்ப்.

கலாஸ், அரபியில் 'முடிந்தது'. கையைத் தூக்கி அண்ணாச்சியையே இன்சார்ஜ் ஆக்கினார்கள். அரிசி மூட்டை பிக்கப்பில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததும், அதை இறக்க மறந்த மகான் நான்தான் என்பதும் மறுநாள் தெரிந்தது. அதற்குள் என் ஆட்சி கவிழ்ந்திருந்தது.

அடுத்த வியாழன், புழுதி கிளப்பிக்கொண்டு பிக்கப் தேராவுக்குப் போவதை வேலியோரம் நின்று பார்த்தேன். வெள்ளியன்று, கோழியில் கழுத்தும் முதுகும்தான் மிஞ்சும் என்று தெரிந்தே வரிசையின் கடைசியில் நின்றேன். அண்ணாச்சி தன் தட்டிலிருந்த லெக் பீஸை எடுத்து என் தட்டில் போட்டார்.

"வாற வியாழன் நீரும் பிக்கப்புல ஏறிக்கிடும். மூட்டை எறக்க ஞாபகப்படுத்துதேன்" என்றார்.

தட்டைப் பார்த்தபடி கேட்டேன்: "அண்ணாச்சி, இது லஞ்சம்தானே?"

"தின்னு தொலையும், வே."