தொட்டிப் பாம்பின் கணவரைத் தேடிய கதை

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஐதராபாத்

மகாகனம் பொருந்திய வேதாசலம் அத்திம்பேருக்கு, மைத்துனன் சாம்பசிவம் அநேக நமஸ்காரம். இங்கு யாவரும் நலம். அங்கே உங்கள் முழங்காலும் பட்டு அக்காவின் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்க வெங்கடாசலபதியை வேண்டுகிறேன்.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை என் பெண் அக்ஷதாவைப் பெண் பார்க்க நீங்கள் அழைத்து வருவதாக இருந்தவர்களைத் தயவுசெய்து நிறுத்திவிடவும். காரணம் ஒரு பாம்பு. பதற வேண்டாம், யாரையும் கடிக்கவில்லை.

நேற்றுக் காலை கறிவேப்பிலைத் தொட்டிக்கு மண் மாற்றும்போது கறுப்பாக, பேனா நீளத்தில் ஒன்று நெளிந்தது, மண்புழு என்று கையில் எடுத்தால் நாக்கை நீட்டியது, அடுத்த நிமிஷம் நான் வாஷிங்மெஷின் மேல் இருந்தேன். ஏறியது எப்படியோ தெரியாது, இறங்க என் சகதர்மிணி லலிதா ஸ்டூல் போட வேண்டியிருந்தது. பாம்பு பிடிக்கும் தேஜஸ்வினி, மௌலா அலி ரயில்வே காலனித் தமிழ்ப் பெண், ஸ்கூட்டரில் வந்தாள். "டரோ நக்கோ அங்கிள், பயமே வேணாம். புழுப்பாம்பு, விஷமில்ல, எறும்பு முட்டை தின்னும்" என்று உள்ளங்கையில் ஓடவிட்டாள். நான் விடுவேனா? ஆயுள் முழுக்கத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். ஒன்று இருந்தால் ஜோடியும் இருக்கும், ஆணையும் பிடித்தால்தான் ஆச்சு என்று பால்கனித் தொட்டிகள் அத்தனையையும் கவிழ்த்தேன். பாதி மண் கீழ்வீட்டு நாகம்மா உலர்த்திய மிளகாய் மேல் விழுந்து, அந்த அம்மாள் தெலுங்கில் எனக்கு அர்ச்சனை செய்தார்.

"ஆணே கிடையாது அங்கிள். இந்த வகையில எல்லாமே பொண்ணு. முட்டை தானாவே கரு ஆயிடும், பொறக்கறதும் பொண்ணுதான்" என்றாள் தேஜஸ்வினி.

"அப்போ ஹஸ்பெண்ட்?"

"கைக்கு?" என்றாள். எதற்கு என்று அர்த்தம்.

அத்திம்பேர், பெரியவரிடம் எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதாமல் முடியவில்லை. தேஜஸ்வினி சொல்கிறாள், மற்ற பாம்புகளில் ஆணுக்கு அந்த உறுப்பு இரண்டு இருக்குமாம், ஒரு சமயத்தில் ஒன்றுதான் வேலை செய்யுமாம். ஸ்பேர்! உடம்பு ஒல்லி என்பதால் பெண்ணுக்குச் சினைப்பைகள் பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. ஆணின் விந்தணுக்களை மாதக்கணக்கில் உள்ளே பத்திரப்படுத்தி, தனக்குத் தோதான காலத்தில் கருத்தரிக்கும் பெண்களும் உண்டு. ஆணைச் சார்ந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் என் தொட்டிக்காரி தனியாகக் குடும்பம் நடத்துகிறாள். நான் அசந்துபோனேன். கைகூட எடுத்துக் கும்பிட்டேன்.

அப்போதுதான் லலிதா, "பாம்புன்னா கும்பிடறேள். அக்ஷதா தனியா ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கறேன்னப்போ மட்டும் தையத்தக்கான்னு குதிச்சேளே" என்றாள். புதன்கிழமை தத்து விசாரணைக்கு அதிகாரி வருகிறார். வீட்டில் என்னையும் கேட்பார். புருஷன் இல்லாமல் குழந்தை எப்படி என்று சொல்வதாகத்தான் இருந்தேன். பாம்பால் முடிவது என் பெண்ணால் முடியாதா? ஆகவே மாப்பிள்ளை வீட்டாரிடம் பாம்பு விஷயத்தை விளக்கிச் சொல்லிவிடவும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் ஆசீர்வாதம் எங்கள் எல்லோருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
சாம்பசிவம்

பி.கு: அக்ஷதா படித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "எனக்குச் சம்மதம்னு ஒரு வரி எழுதறதுக்கு உனக்குப் பாம்பு சாட்சி வேணுமாப்பா?" என்றாள். மேலே எழுதியதில் பாம்பை மட்டும் அடித்துவிடவும். எனக்குச் சம்மதம். புதன்கிழமையும் அதைத்தான் சொல்லப்போகிறேன்.