முப்பத்தொரு வாசகர்கள்

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது!" என்று ஃப்ளோரிபெத் போட்ட கூச்சலில் எவெலியோவின் காப்பி பாதி சட்டைக்குப் போய்விட்டது.

"யாரு? எங்க? எதுக்கு வர்றாங்க?" என்று பதறி எழுந்தார் அவர்.

"என்னோட பிளாக்குக்குங்க! ஒரே மாசத்துல!"

எங்கள் துரியால்பா ஊர் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஃப்ளோரிபெத், ஒன்பது வருஷமாக வலைப்பதிவு எழுதிவருகிறாள். மழை, மூட்டுவலி, மாமியார், மாமியாரின் மூட்டுவலி என்று மனசில் பட்டதெல்லாம் எழுதுவாள். ஒரு பதிவை ஆறு பேர் திறந்தால் அதிகம். அந்த ஆறில் மூன்று அவளே. இந்த டிசம்பரோடு இழுத்து மூடிவிடலாமா, இல்லை வேறு மாதிரி எழுதிப் பார்க்கலாமா என்று முடிவெடுக்கத்தான் அன்றைக்கு எண்ணிக்கையைப் பார்த்தாள். தன் எழுத்தை ஆசையாகப் படிக்கிறவர் ஒரே ஒருத்தராவது உலகத்தில் இருக்கிறாரா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் எதற்கு இந்த வேலை?

மற்ற பதிவெல்லாம் நாலு, ஆறு, ஏழு என்று கிடக்க, ஒன்றே ஒன்று மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதியது: 'ரெம்பெர்த்தோ சாமியாரின் கால்சட்டையை நாய் கவ்விய கதை.'

"நாய்ங்க! ஜனங்களுக்கு நாய்தான் வேணும்! இனிமே இது நாய் பிளாக்!"

"நம்மகிட்ட நாய் இல்லீங்களே," என்றார் எவெலியோ.

அன்று மாலையே மருந்துக்கடை முதலாளியம்மாவின் நாய் இரவலாக வந்து இறங்கியது. எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி மட்டுமல்ல, நாயைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவோம். "கொஞ்சம் இப்படிப் பாருங்க... வாலை ஆட்டுங்க, தங்கம்..." என்று ஃப்ளோரிபெத் கேமராவும் கையுமாகக் கெஞ்ச, நாய் சோபாவின் ஒரு கையைத் தின்று முடித்தது. ஏழு நாய்ப் பதிவுகள் வந்தன. ஏழுக்கும் சேர்த்து ஐந்து பேர் வந்தார்கள். பழைய பதிவோ அதே வாரத்தில் இன்னும் அறுநூறு ஏறியது.

"அப்ப நாய் இல்ல," என்றாள் சோபா இருந்த கோலத்தைப் பார்த்தபடி. "சாமியார்தான்!"

மாதா கோவில் சாமியாரின் குறட்டை, சாமியாரின் கோழி சூப், பிரசங்கத்தின் நடுவே சாமியாரே தூங்கியது என்று மூன்று பதிவுகள் போட்டாள். மூன்றையும் படித்தது ஒரே ஒருத்தர். அவர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஃப்ளோரிபெத், கால்சட்டையை மன்னிச்சாச்சு. குறட்டையை எப்படிம்மா மன்னிக்கிறது? ஆத்திரத்துல நானே நாலு பேர்கிட்ட புலம்பிட்டேன். இப்ப ஊரே சிரிக்குது."

"சாமி, நீங்க கடைசி வரைக்கும் படிச்சீங்களா?" என்றாள் அவள் கண்கள் மின்ன. "நல்லா இருந்துச்சா?"

மூன்று மாதம் ஞாயிறுதோறும் கோவிலைக் கூட்டிப் பெருக்கும்படி பரிகாரம் கொடுத்துவிட்டுப் போனார்.

துடைப்பமும் கையுமாக யோசித்ததில் அவளுக்கு வேறொன்று தோன்றியது. அந்தக் கால்சட்டைப் பதிவையே இன்னும் செதுக்கினால் என்ன? கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக எவெலியோவை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர் பயந்துகொண்டே. "முதல் பத்திதான் கொஞ்சம் நீளம். நாயைப் பாக்கறதுக்குள்ள கால் வலிக்குது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்றைக்கு நாய் துரத்திய பாதை முழுக்க அந்தப் பத்தியில் இருந்தது. சாய்ந்துபோன அத்திமரம் எங்கே நின்றது, எரிந்த சினிமாக் கொட்டகை இப்போது என்ன கடை, செத்துப்போன தொர்த்தீவியோவின் மளிகை இருந்த மூலை எது என்று சந்தையில் தொடங்கி மேட்டுத்தெருவில் இவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் மூச்சுவிடாமல் ஓடும். ஃப்ளோரிபெத் பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடியோடு வெட்டினாள். கதை இப்போது 'நாய் பாய்ந்தது' என்று ஜோராகத் தொடங்கியது.

மறுநாள் காலை நாற்பத்தெட்டுப் பின்னூட்டங்கள் வந்து கிடந்தன. நாலு வருஷத்தில் ஒன்றுகூட வராத பதிவுக்கு!

'முதல் பத்தி எங்கம்மா?'

'உடனே திரும்பப் போடுங்க.'

'அந்தப் பத்தி இல்லாம நான் என்ன செய்வேன்?'

'மழைல நின்னுக்கிட்டு எழுதறேன். தயவுபண்ணுங்க.'

ஃப்ளோரிபெத் அழுதேவிட்டாள். "மழைல நின்னு படிக்கிறாங்கங்க! மழைல!"

"நான் ஒரு முட்டாள்," என்றார் எவெலியோ உண்மையான வருத்தத்தோடு. "எனக்கு இலக்கியம் வராதுன்னு தெரிஞ்சும் என்னை ஏன் கேட்டீங்க?"

பத்தி அந்த நிமிஷமே பழைய இடத்துக்கு வந்தது. அதற்கு மேலே ஓர் அறிவிப்பும் ஏறியது: 'அன்பு வாசகர்களே! சனிக்கிழமை மூன்று மணிக்கு என் வீட்டில் கூடுவோம். இந்த வலைப்பதிவு இனி எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். தமாலும் காப்பியும் உண்டு.'

இரண்டு நாள் சோளமாவு பிசைந்து, வாழையிலையில் வைத்துக் கட்டி, எண்பது தமால் அவித்தாள். சனிக்கிழமை இரண்டரை மணிக்குத்தான் எவெலியோ அறிவிப்பை நிதானமாகப் படித்தார்.

"ஏங்க, விலாசமே போடலையே?"

ஃப்ளோரிபெத்துக்கு உயிரே போய்விட்டது. "அய்யய்யோ! இப்ப போடட்டுமா?"

"போட்டா மட்டும்? 'அத்திமரம் இருந்த இடத்துலேர்ந்து முந்நூறு மீட்டர் கிழக்க, தொர்த்தீவியோ கடை இருந்த மூலைல திரும்பினா பச்சை கேட்டு'ன்னு போடுவீங்க. மரமும் இல்ல, தொர்த்தீவியோவும் இல்ல. வெளியூர்க்காரன் கல்லறைலதான் போய் விசாரிக்கணும்."

தெருப்பெயரும் கதவெண்ணும் வைத்து விலாசம் சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. யாரும் வரப்போவதில்லை என்று எண்பது தமாலுக்கு முன்னால் ஃப்ளோரிபெத் இடிந்துபோய் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம் கழித்து ஒரு கூட்டம் கூட்டி, அதையும் தானே கெடுத்துக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சரியாக மூன்று மணிக்கு வாசலில் முப்பத்தொரு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. ஒருத்தர்கூட வழி தவறவில்லை. ஒருத்தர்கூட ஃபோன் போட்டு விசாரிக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்று புருஷனின் காதைக் கடித்தாள். "உண்மையான வாசகன் எப்படியும் கண்டுபிடிச்சு வந்துருவான்."

தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் பரம சாதுவாக உட்கார்ந்தார்கள். எல்லாரும் ஆளுக்கு இரண்டு தமால் சாப்பிட்டார்கள். ஃப்ளோரிபெத் தன் பதிவை உரக்க வாசித்தாள். முதல் பத்தி தொடங்கியதும் முப்பத்தொரு தலைகளும் ஆடின. அத்திமரம் வந்தபோது பலர் கூடவே முணுமுணுத்தார்கள். மனப்பாடம்! அவளுக்குக் குரல் தழுதழுத்தது. 'நாய் பாய்ந்தது' என்ற வரிக்கு வந்தபோது மட்டும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கதையில் லயித்துவிட்டார்கள் என்று நினைத்துக் கடைசி வரைக்கும் படித்து முடித்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இனிமே நான் என்ன எழுதணும்? உங்க மனசுல இருக்கறதைக் கூச்சப்படாம சொல்லுங்க."

எரிவாயு சிலிண்டர் போடுகிற நரைமீசைக்காரர் ஒருத்தர் எழுந்து, மீசையில் ஒட்டியிருந்த சோளமாவைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, மேட்டுத்தெருவுக்கு சிலிண்டர், பீட்சா, தபால் எது கொண்டு போனாலும் எங்களுக்கு இந்தப் பத்திதான் வழிகாட்டி, அதை மட்டும் இனிமே அழிச்சிராதீங்க, முடிஞ்சா ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு எழுதிக் கொடுங்க, ஆமா, அதுக்குக் கீழ ஒரு நாய் வருதே, அதை எப்பம்மா சேத்தீங்க?"