கப்பு அங்கே, மூடி இங்கே

போடிநாயக்கனூரில் எதையுமே முழுசாகப் பார்க்காமல் ஐம்பது வயது வரை வாழ்ந்து காட்டியவர் ஒருவர்தான். கைப்பிடித் தரகர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

பிள்ளைகளா, நம் வீட்டு ஏலக்காய் டப்பாவை அதற்குப் பொருந்தாத ஒரு வெள்ளி நிற மூடி மூடியிருக்கிறதே, அது ஏது என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் இவரைச் சொல்ல வேண்டும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து மூட்டை இறங்கியதும் தரகர் சட்டைக் கையைச் சுருட்டி, வலது கையை முழங்கை வரை உள்ளே விடுவார். ஒரு பிடி அள்ளுவார். காதருகே குலுக்குவார், மோந்து பார்ப்பார், ஒரு காயைக் கடிப்பார். "நல்ல காய்" என்றால் மூட்டை முழுக்க நல்ல காய். "சொத்தை" என்றால் அது வந்த வழியே மலையேற வேண்டியதுதான். யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். சொன்ன சொல்லை அவர் மாற்றியதே இல்லை.

இதை ஏலக்காயோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில் உட்காருவார், ஒரு பிடி சோற்றை வாயில் போடுவார், "சாப்பாடு நல்லாருக்கு" என்று இலையை மூடிவிடுவார். பாயசம் வரும்போது அவர் தெருமுனை தாண்டியிருப்பார். ஒருமுறை ஒரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் பன்னிரண்டு நாற்காலி வாங்கினார். மற்ற பதினொன்றில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் கால் முறிந்து தரையில்தான் போய் உட்கார்ந்தார்கள், நாற்காலியின் கால். "நாற்காலி நல்லதுதான். ஒங்களுக்கு உக்காரத் தெரியல" என்றார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். மெட்ராசில் பயிற்சி முடித்தவர். ஒரு கட்டை, ஒரு தோல் கையுறை, மூன்று பந்து, ஒரு நோட்டு ஆகியவற்றோடு பேஸ்பால் என்ற விளையாட்டையும் கொண்டுவந்தார். கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி வரும். இதில் குத்தாமல் வரும். அடித்தவன் நேராக ஓடாமல் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். அப்படியானால் எதற்கு ஓடினான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாஸ்டருக்கும் சந்தேகம் வரும். வந்தால் எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டு நோட்டைப் புரட்டுவார்.

பொங்கலுக்கு மறுநாள் டவுன்காரர்களுக்கும் மலைத் தோட்டக்காரர்களுக்கும் ஆட்டம் என்று முடிவானது. ஜெயிக்கிற பக்கத்துக்கு ஒரு கேடயம். நன்றாக எறிகிற ஆளுக்கு மூடி போட்ட ஒரு கப்பு. அந்தக் கப்பு யாருக்கு என்று சொல்லும் பொறுப்பைத் தரகரிடம் கொடுத்தார்கள். ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் ஓரவஞ்சனை வராதாம்.

டவுன் பக்கம் எறிகிறவன் நான். சின்ன வயதில் தேவாரம் ஊரில் சோளக்கொல்லையில் கிளி விரட்டி விரட்டி எறிந்த கை. மலைப் பக்கம் எறிகிறவர் ஒரு கங்காணி. தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய மனுஷன்.

எனக்குக் கப்பு பெரிதில்லை. பார்க்க வந்திருந்தவர்தான் பெரிது. உங்கள் அம்மாவின் அப்பா, அதாவது என் மாமா, சிலமலையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று அவர் யோசனை கேட்டிருந்ததும் தரகரிடம்தான்.

தரகர் காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு எறிஞ்சு காட்டு" என்றார். எறிந்தேன். ஓடிப்போய்ப் பந்தை எடுத்து மோந்து பார்த்தார். மாமா பக்கம் திரும்பி, "நல்ல காய்" என்றார். எனக்கு அப்போதே தாலி கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. என் பந்தை மலைக்காரர்கள் பெரும்பாலும் தொடவே இல்லை. எப்போதாவது தொட்டால் பந்து மேலே எழும்பும். விழும் இடத்தில் நம் ஆள் நிற்பார். அவர் கையில் விழும், பிறகு வெளியே வரும். என் பக்கம் நின்றவர்களில் இரண்டு பேர் உங்கள் பெரியப்பாக்கள். மூத்தவர் வேட்டியை ஏந்திப் பிடிக்கப் பார்த்து, வேட்டியோடு பந்தையும் விட்டார். இளையவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கரும்பு வாங்கப் போயிருந்தார்.

கங்காணியின் பந்தை நாங்கள் நன்றாகவே அடித்தோம். ஆனால் மலைக்காரர்கள் சரிவில் ஏலக்காய்க் கூடையை மேலிருந்து கீழே வீசிப் பிடித்துப் பழகியவர்கள். தவறவிட்டால் பள்ளத்தில் இறங்கி எடுக்க வேண்டும். அதனால் தவறவிடுகிற வழக்கமே அவர்களிடம் இல்லை. அவர்களுக்குப் பன்னிரண்டு, எங்களுக்கு மூன்று.

தரகர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"மேல நல்ல காயப் போட்டு, அடியில பூராம் சொத்தைய அடைச்சிருக்கீக. முப்பது வருசமா இந்தச் சோலி பாக்குறேன். என்கிட்டயேவா?"

மூட்டையில் அப்படி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. நாங்கள் ஏமாற்றவில்லை, எங்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைக் கேட்க அவர் நிற்கவில்லை. கப்பை எடுத்துக் கங்காணி கையில் கொடுத்துவிட்டார்.

கங்காணிக்குப் பொறுக்கவில்லை. மலையாளம் கலந்த பேச்சில் சொன்னார். "தரகரே, இது சரியல்ல, கேட்டோ. நான் எறிஞ்சதப் பூரா இவுக அடிச்சாக. எங்க ஆளுக பிடிச்சதுல நான் தப்பிச்சேன். இந்தத் தம்பி எறிஞ்சத நாங்க கண்ணாலகூடப் பாக்கல."

"மூட்டை நல்ல மூட்டை. அப்ப காயும் நல்ல காய்தான்" என்றார் தரகர்.

எறிகிறவனைப் பார்த்துக் கொடுப்பதா, பக்கத்தைப் பார்த்துக் கொடுப்பதா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. டிரில் மாஸ்டர் நோட்டை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் புரட்டிவிட்டு, இந்தப் பாடம் நடத்தும்போது தனக்குக் காய்ச்சல் என்றார்.

அப்போது மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "தரகரே, காலையில நல்ல காயின்னு சொன்னீகளே, அது?"

தரகர் கீழே கிடந்த பந்தை எடுத்து இன்னொரு முறை மோந்து பார்த்தார். அவர் ஒன்றை இரண்டு தடவை மோந்ததை அன்றுதான் போடி பார்த்தது. மாமா வண்டியேறிப் போய்விட்டார். அவர் பார்த்துவிட்டுப் போனது என் எறியை மட்டுமா, வேட்டியோடு பந்தையும் விட்ட அண்ணனையும் சேர்த்தா?

அதற்கப்புறம் மூன்று நாள் தரகர் எந்த மூட்டையிலும் கை விடவில்லை. கை மூட்டை வாய் வரை போகும், நிற்கும். "ஏப்பா, பிடிய வச்சு மூட்டையச் சொல்றதா, மூட்டைய வச்சுப் பிடியச் சொல்றதா?" என்று என்னைக் கேட்டார். சுமை தூக்குகிறவர்களைக் கேட்டார். பஸ் கண்டக்டரைக் கேட்டார். அவர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

நாலாம் நாள் கடைக்குப் பின்கட்டுக்குப் போனார். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். தரகர் முப்பது வருஷத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு அம்மா முன்னால் சொத்தைக் காய் ஒரு குவியல் கிடந்தது.

"இது எந்த மூட்டை, ஆத்தா?"

"நீங்க நல்ல காயின்னு சொன்ன மூட்டைதான்ணே."

"அப்ப அந்தக் குவியல்?"

"போன வாரம் நீங்க சொத்தைன்னு கழிச்ச மூட்டை. மலைக்குத் திருப்பி அனுப்பாம, மொதலாளி சும்மா பொறுக்கிப் பாக்கச் சொன்னாக. எம்புட்டு நல்ல காய் கெடக்கு, பாருங்க. எல்லா மூட்டையிலயும் ரெண்டும் கெடக்கும்ணே. ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

தரகர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாயங்காலம் வரை காய் பொறுக்கினார். ரொம்ப மெதுவாகப் பொறுக்கினாராம். அந்த அம்மாவே கடிந்துகொண்டாராம்.

மறுநாள் சிலமலைக்குப் போனார். அங்கே நடந்ததை மாமா பிற்பாடு எனக்குச் சொன்னார். தரகர் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் நின்றே பேசினாராம்.

"மூட்டை செரியில்லதான். அந்த அண்ணன்மார நீங்களே பாத்தீக. ஆனா அந்த ஒரு காய நான் தனியா எடுத்துப் பாத்திருக்கேன். நல்ல காய்."

"அப்ப கப்ப அவருக்குக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தது குடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கடையில் என் மேசை மேல் ஒரு மூடியை வைத்தார். மலையேறிக் கங்காணியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். "கப்பத்தான் அவருக்குன்னு சொன்னேன். மூடியப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலியே" என்றார்.

வைகாசியில் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணம் நடந்தது. தரகர் பந்தியில் உட்கார்ந்தார். ஒரு பிடி சாப்பிட்டார். எழுந்திருப்பார் என்று பார்த்தால் எழவில்லை. சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த பெரியப்பாக்கள் இரண்டு பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராக நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்.

கை கழுவ வந்தவரிடம், "சாப்பாடு எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"தெரியலப்பா. முழுசாச் சாப்பிட்டா ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது" என்றார். ஈரக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பும் வரை விடாமல் நின்றார்.