காபிக் கெண்டி என்று நான் நினைத்த சிவப்பு விளக்கு

அன்பு மருமகள் ரன்வைக் அறிய, மாமனார் ஸ்வெர்ரெ ஆசிகளுடனும், ஆசிகளைவிடக் கூடுதலான வெட்கத்துடனும் எழுதுவது. நானும் பூனையும் சுகம். பெர்கனில் உன் பயிற்சி வகுப்பு நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன். நீ என்னை நம்பி விட்டுப்போன கார் மட்டும் சுகமில்லை. அது ஓஷில்டின் ஒர்க்‌ஷாப்பில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. ஊரார் சொல்லி நீ தெரிந்துகொள்ளும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும் நாளில் நீ என்ன சொன்னாய்? "மாமா, அஞ்சு நிமிஷம் உக்காருங்க, மீட்டர்ல வர்ற விளக்கெல்லாம் என்னன்னு சொல்லிடறேன்" என்றாய். நான் என்ன சொன்னேன்? "முப்பத்தோரு வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவனுக்கே பாடமாம்மா?" என்றேன். ஊரில் பாதிப்பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நீ என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. வியாழக்கிழமை ஃபோர்டேவுக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு படம் எரிந்தது. சின்னக் கெண்டி, நீண்ட மூக்கு, மூக்கு நுனியில் ஒரு சொட்டு. கண் சரியாகத் தெரியவில்லை என்று உனக்குச் சாக்கு எழுதிவிடலாமா என்றுகூட இப்போது யோசித்தேன். ஆனால் புதுக் கண்ணாடி என் மூக்கின்மேல்தான் இருந்தது, சொட்டுவரை துல்லியமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு ஆர்ன்ஃபினின் புதுக் காரில், ஓட்டுகிறவர் களைத்துப் போனால் காபிக் கோப்பைப் படம் வரும். அதை அவர் எத்தனை தரம் பீற்றிக்கொண்டிருக்கிறார்! நம் ரன்வைக்கின் கார் கோப்பையோடு நிற்காமல் கெண்டியையே நீட்டுகிறதே என்று எனக்குப் பெருமை. உடனே ஒரு கடையோரம் நிறுத்திக் காபியும் வாஃபிள் அப்பமும் சாப்பிட்டுவிட்டு வந்து கிளப்பினேன். விளக்கு அணைந்துவிட்டது! ஏற்றத்தில் மறுபடி கெண்டி, மறுபடி காபி, மறுபடி அணைந்தது. ஏரிக்கரையில் மூன்றாவது. நான்காவது முறை எரிந்தபோது கண்ணுக்கெட்டிய தூரத்தில் கடையே இல்லை, எனக்கோ மூன்று காபியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "போதும்ப்பா, இதுக்கு மேல என்னால முடியாது" என்று காரிடம் கெஞ்சிவிட்டு ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம், பானெட் இடுக்கிலிருந்து புகை.

ஓரங்கட்டி நின்றேன். காரின் தலைமேல் 'ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' பலகை. அதைக் கழற்றவும் எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்தா சர்ச் பாடகர் குழுவின் பஸ் வர வேண்டும்? பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. என்னிடம் படித்த எவனோ ஜன்னலைத் திறந்து, "ஹெட்மாஸ்டர் சார்! இன்னுமா லைசென்ஸ் கிடைக்கல?" என்று கத்தினான். போதகர் கை வேறு அசைத்தார்.

கயிறு கட்டி இழுக்க வந்தவள் ஓஷில்ட். ஆறாம் வகுப்பில் அவளுடைய மதிப்பெண் அட்டையில் 'கவனம் போதாது' என்று என் கையால் எழுதியிருக்கிறேன்.

"விளக்கு எரிஞ்சுதா சார்?"

"எரிஞ்சுது."

"எரிஞ்சதும் என்ன பண்ணீங்க?"

"காபி குடிச்சேன்."

அவள் காரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வயிற்றுவலி என்று நினைத்தேன். சிரிப்பு. பிறகு எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிக் காட்டினாள், நுனிகூட நனையவில்லை. "இது காபி இல்ல சார், எண்ணெய்க் குப்பி. என்ஜினுக்குள்ள எண்ணெய் சரியா போகலன்னு அர்த்தம். சிவப்பா எரிஞ்சா அங்கயே நிறுத்தி அணைச்சிடணும். எண்ணெய் தடவாம வாஃபிள் அச்சுல மாவ ஊத்தினா என்ன ஆகும்? ஒட்டிக்கும்ல? பிஸ்டனும் அப்படித்தான் சிலிண்டர்ல ஒட்டிக்கும்."

"காபி குடிச்சதும் அணைஞ்சுதேம்மா?"

"நீங்க குடிக்கற நேரத்துல மிச்சமிருந்த எண்ணெய் அடித்தொட்டிக்கு வடிஞ்சிருக்கும். கொஞ்ச நேரம் ஓடும், திரும்ப எரியும். என்ஜின் பிழைக்குமான்னு பிரிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லணும்."

அடுத்த வாரம் இதே காரில்தான் உன் மாணவர்கள் பதினோரு பேருக்குத் தேர்வு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு நாளாகக் கடைப்பக்கம் தலைகாட்டவில்லை. நீ திரும்பியதும் அந்தப் பதினோரு பேரிடமும் நானே மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு உன் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, க்ளச் எது பிரேக் எது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தப்பாகச் சொன்னால் தயங்காமல் திட்டு.

நீயும் உன் பள்ளியும் உன் சக்கரங்கள் நான்கும் நீண்ட காலம் நன்றாக ஓட வேண்டும் என்று வாழ்த்தும்,
தலைகுனிந்த மாமனார்,
ஸ்வெர்ரெ மிக்லெபுஸ்ட்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு ஓஷில்ட் போன் செய்தாள், பிரித்து இதை எழுதுகிறேன். என்ஜின் பிழைத்துவிட்டது. நடுநடுவே நிறுத்திக் காபி குடித்ததால்தான் அது ஆறிப் பிழைத்ததாம்! எண்ணெய் ஊற்றும் வாய்க்கு மூடியே இல்லையாம், அன்றைய புகையில் அவள் கண்ணில் படவில்லையாம். மூடி பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடியில் கிடந்ததாம். வழியெல்லாம் எண்ணெய் தெறித்தது அதனால்தான். நீ ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்ததும், நடுவில் போன் வந்து உள்ளே ஓடியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூடிக் கதையைக் கேட்டதும், போனைக் காதில் வைத்தபடியே சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன். ஆடிய பிறகு அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன். "மூடிய யார் சார் கழட்டினா?" என்றாள் ஓஷில்ட். ஓட்டக் கற்றுக்கொடுப்பவளே மூடியை மறந்தாள் என்று ஊரில் பேச்சு வரக்கூடாது. "நான்தாம்மா கழட்டிட்டு மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் நம்பிவிட்டாள். அதுதான் கொஞ்சம் வலிக்கிறது.