எவனும் எழுந்ததில்லை

கார்பின் தோளைத் தூக்கிவிட்டான்.

நிறையத் தூக்கவில்லை. மல்லாந்து கிடந்தவன், வலது தோளை மல்யுத்த ரிங் தரையிலிருந்து நாலு விரற்கடை உயர்த்தினான், அவ்வளவுதான். நடுவர் ஹாய்ட் "ஒண்ணு", "ரெண்டு" என்று தரையில் அறைந்துவிட்டு, மூன்றுக்காக ஓங்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டார்.

"படு," என்றார் டெல்பர்ட், உதட்டை அசைக்காமல்.

"சாரிண்ணே."

"சாரி அப்புறம் சொல்லு. இப்பப் படு."

டெல்பர்ட் ராட்லிஃப் பதினேழு வருடமாக அந்தப் பிடியைப் போடுகிறார். ஆளைக் குறுக்காகத் தோளில் தூக்கி, ஒரு சுற்று சுற்றி, அப்படியே பின்பக்கமாக விழுவார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அதற்குக் 'கடைசி ஷிப்ட்' என்று பெயர். அதை வாங்கியவன் மூன்று எண்ணும்வரை தோளைத் தூக்கக் கூடாது. யார் ஜெயிப்பது, யார் தோற்பது எல்லாம் மத்தியானமே பேசி முடிவாகிவிடும் சங்கதிதான். ஆனாலும் இது எழுதாத சட்டம். முன்னூறு பவுண்டு ஆட்கள் படுத்திருக்கிறார்கள். டென்னசியிலிருந்து வந்த சாம்பியன், ஜுரத்தோடு இருமிக்கொண்டே படுத்திருக்கிறான். ஒருத்தனுக்கு ரிங்கில் தேனீ கொட்டியது. அவனும் அசையவில்லை.

டெல்பர்ட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. கார்பினை மறுபடி தூக்கினார். மறுபடி சுற்றினார். மறுபடி விழுந்தார்.

"ஒண்ணு," என்றார் ஹாய்ட். "ரெண்டு."

கார்பின் தோளைத் தூக்கினான்.

கடைசியில் டெல்பர்ட் அவன் மார்மேல் ஏறி உட்கார்ந்துதான் ஜெயித்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சண்டை போடுகிற மாதிரி. ஆட்டம் நடக்கிற அந்தப் பழைய கம்பளக் கடைக்குள் இருந்த அறுபத்துமூன்று பேரில் யாரும் கைதட்டவில்லை. வாராவாரம் முன்வரிசையில் உட்காரும் ஓப்பல் மட்டும் எழுந்து நின்றாள். அவள் போட்டிருந்த பனியனில் டெல்பர்ட் ஒவ்வொரு சனிக்கிழமையும் மைக்கில் சொல்லுகிற வாக்கியம் அச்சடித்திருந்தது: 'எவனும் எழுந்ததில்லை. எழுந்தால் அன்றைக்கே பூட்ஸ் ரிங்கில்.'

ரிங் நடுவில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிற மல்யுத்தக்காரன் திரும்பி வரக் கூடாது. கென்டக்கி மலைக்குள் அது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"டெல்பர்ட்," என்றாள் ஓப்பல், ரொம்ப மரியாதையாக. "பூட்ஸ்?"

அவர் காது கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

உள்ளே, கம்பளச் சுருள் அடுக்கும் அறையில், கார்பின் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா தூக்கினே?"

"எண்ணிக்கை தப்பிடுச்சுண்ணே."

"மூணு வரைக்கும் எண்ணணும். அதுல எங்கடா தப்புறது?"

"இவன் ஸ்கூல்ல எட்டாங்கிளாஸுக்குக் கணக்கு வாத்தியாரு," என்றான் மேக்கி. ஆட்டம் நடத்துகிற முதலாளி அவன்தான்.

"வெளங்கிரும் அந்தக் கிளாஸு. சரி, மொதத் தடவை தப்பிடுச்சு. ரெண்டாந்தடவை?"

கார்பின் யோசித்தான். "அப்பவும் தப்பிடுச்சுண்ணே."

டெல்பர்ட் எதிரே உட்கார்ந்தார். ஐம்பத்தொரு வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஓட முடியாது, தாவ முடியாது. மற்ற நாட்களில் அவர் மாவட்டக் குப்பைக் கிடங்கில் கேட் திறந்து மூடுகிறவர். சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஒரு பிடிக்காகத்தான். அது செத்தால், ஏழு நாளும் கேட்தான்.

"கவலைப்படாதே," என்றான் மேக்கி. "அவன் கால் கயித்து மேல இருந்துச்சுன்னு சொல்லிருவோம். கயித்தைத் தொட்டா எண்ணிக்கை செல்லாது. பிடிக்கு ஒரு சேதமும் இல்ல."

அன்று சாயங்காலமே அப்படி அறிவித்தான். மறுநாள் காலை யாரோ ஃபோனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கார்பின் ரிங்கின் நட்டநடுவில் கிடந்தான். எந்தக் கயிறும் அவன் காலுக்கு ஆறடிக்குள் இல்லை. யாரோ அளவுகோல் வரைந்து அம்புக்குறி வேறு போட்டிருந்தார்கள். ரெண்டு தடவை தோளைத் தூக்கியதையும் மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

"அறுபத்துமூணு பேருக்குத்தானே தெரியும்னு இருந்தேன்," என்றார் டெல்பர்ட் வீட்டில்.

அவர் மனைவி நெட்ரா அவர் தட்டிலிருந்த பன்றிக்கறியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தாள். டெல்பர்ட்டின் விரல்கள் மரத்துப்போய் சில வருடம் ஆகிறது. சட்டைப் பொத்தானை அவள்தான் போடுவாள். பூட்ஸ் கயிறும் அவள்தான் கட்டுவாள். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது லெக்சிங்டன் டாக்டர் எடுத்த கழுத்து எக்ஸ்ரே படம். இன்னொரு தடவை கோணலாக விழுந்தால் அப்புறம் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினேழு வருடத்தில் 'கடைசி ஷிப்ட்'டில் உண்மையாகவே அடிபட்டவர் டெல்பர்ட் ஒருத்தர்தான்.

"விட்டுறலாமே," என்றாள் நெட்ரா.

"எழுந்தா விடறேன்னுதானே சொன்னேன். அவன் எங்க எழுந்தான்? கணக்குல தப்பிட்டான்."

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையும் கணக்குதான்."

"சரி, சாப்பிடு."

கயிறு கதை எடுபடாததால் மேக்கி இன்னொரு கதை செய்தான். திங்கட்கிழமை உள்ளூர் ரேடியோவில் பேசினான். "அந்தப் பையன் ஏதோ மாத்திரை போட்டிருந்தான். வலி தெரியாத மாத்திரை. இல்லாட்டி மனுஷனாப் பொறந்தவன் அதுலேர்ந்து எந்திரிக்க முடியாது."

பிடி பிழைத்தது. செவ்வாய்க்கிழமை கார்பினை ஸ்கூலில் உள்ளே விடவில்லை. வாத்தியார் மாத்திரை போடுகிறாராமே என்று பெற்றோர்கள் வரிசையில் வந்து நின்றார்கள்.

புதன்கிழமை நெட்ரா டை கட்டிவிட, டெல்பர்ட் தலைமையாசிரியை கியர்ஹார்ட்டின் அறைக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் கார்பினுக்கு ஆறு மாதக் குழந்தை இருக்கிறது என்று ஹாய்ட் சொல்லிவிட்டார்.

"அப்ப மாத்திரை ஏதும் இல்லைங்கறீங்க," என்றாள் கியர்ஹார்ட்.

"இல்லைங்க மேடம்."

"மாத்திரை இல்லாம எப்படி எந்திரிச்சாரு? மனுஷனால முடியாதுன்னு ரேடியோவுல சொன்னாங்களே."

டெல்பர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மஞ்சள் பஸ்கள் வரிசையாக நின்றன.

"அது அவ்வளவா வலிக்காதுங்க," என்றார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எழுதிக்கணும்."

"வலிக்காதுங்க."

"கொஞ்சங்கூடவா?"

"கீழ விழறவனுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித்தான் அதைச் செஞ்சு வெச்சிருக்கேன்."

அந்த அம்மாள் அதை அப்படியே தட்டச்சு செய்து நீட்டினாள். பேனா விரலில் நிற்காமல் மூன்று தடவை கீழே விழுந்தது. நாலாவது தடவை கையெழுத்துப் போட்டார். கார்பினுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கடிதத்தின் நகல் எல்லாப் பெற்றோர்களுக்கும் போயிற்று.

வெள்ளிக்கிழமை அது பெட்ரோல் பங்க் கவுண்டரில் ஒட்டியிருந்தது. வறுத்த பொலோனி இறைச்சி சாண்ட்விச் வாங்கப் போன டெல்பர்ட், தன் கையெழுத்தைத் தானே பார்த்தார்.

"டெல்பர்ட்டு," என்றான் கவுண்டர்காரன். "எங்க மாமியாளுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு இருக்கு. வந்து ஒரு தடவை அந்தப் பிடியைப் போட்டு விட்டுட்டுப் போறியா? வலிக்காதாமே."

சாண்ட்விச்சை வாங்காமல் வெளியே வந்துவிட்டார். வண்டியில் உட்கார்ந்து மேக்கிக்கு ஃபோன் செய்தார்.

"நாளைக்குத் திரும்ப அவனோட எனக்கு ஆட்டம் போடு. அவன் படுத்தான்னா எல்லாம் சரியாயிரும்."

"படுக்கலேன்னா?"

"பூட்ஸ்."

"இதை நான் போஸ்டர்ல போடலாமா?" என்று கேட்டான் மேக்கி.

டெல்பர்ட் நேரே கார்பின் வீட்டுக்குப் போனார். அவன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஸ்கூலுக்கு வந்து பேசினதுக்கு ரொம்ப நன்றிண்ணே. உங்களுக்கு நான் எப்படி..."

"ஒண்ணும் வேணாம். நாளைக்குப் படு."

கார்பின் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினான்.

"என்னடா?"

"சரிண்ணே."

"எண்ணிக்காட்டு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

"மூணு முடியற வரைக்கும்?"

"படுத்திருக்கணும்ணே."

குழந்தை அழ ஆரம்பித்தது.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கம்பளக் கடையில் உட்கார இடமில்லை. நானூறு பேர். சர்ச்சிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மேக்கி கண்ணில் தண்ணீரோடு நின்றான். "பதினேழு வருஷமா ஒருத்தனும் எந்திரிக்கலேன்னு விளம்பரம் பண்ணினோம். அறுபது பேரு வந்தான். ஒருத்தன் எந்திரிச்சான்னதும் பாரு."

நெட்ரா வாசல் பக்கம் நாச்சோ வறுவல் விற்கிற கவுண்டரில் சீஸைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் டெல்பர்ட்டின் ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை. எப்போதும் ரிங்குக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள். ஆட்டத்துக்கு முன் உள்ளே வந்து அவர் பூட்ஸ் கயிறைக் கட்டினாள். வழக்கமாக இரட்டை முடிச்சுப் போட்டு மேலே டேப்பும் ஒட்டுவாள். அன்றைக்கு ஒரே ஒரு சுருக்குப் போட்டு எழுந்துகொண்டாள்.

"டேப்பு?"

"தீந்துபோச்சு. பாத்து விழு."

ஆட்டம் நன்றாகவே போயிற்று. அடித்தார்கள், விழுந்தார்கள், கயிற்றில் மோதினார்கள். பத்தாவது நிமிடம் டெல்பர்ட் கார்பினைக் குறுக்காகத் தோளில் தூக்கினார். ஒரு சுற்று. இடது கை தோளிலிருந்து விரல்வரை மரத்துவிட்டது. பிடித்திருக்கிறாரா விட்டுவிட்டாரா என்றே அவருக்குத் தெரியவில்லை. கார்பின்தான் அவர் கழுத்தைத் தன் கையால் தாங்கிக்கொண்டான். இருவரும் விழுந்தார்கள்.

"ஒண்ணு."

கார்பின் கண்ணை இறுக மூடியிருந்தான்.

"ரெண்டு."

ஹாய்டின் கை மூன்றுக்கு மெல்ல மெல்ல இறங்கியது. பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டுகிற மாதிரி அவ்வளவு மெதுவாக இறங்கியது.

"மன்னிச்சுக்கங்கண்ணே," என்றான் கார்பின். தோளைத் தூக்கினான்.

கூரை பறந்துவிடும்போல் சத்தம் வந்தது. கார்பின் எழுந்து நின்றான். ஹாய்ட் எழுந்து நின்றார். டெல்பர்ட் எழவில்லை. கூரையில் மழைத்தண்ணீர் ஒழுகி ஒழுகிப் பழுப்பாகியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். யாரும் எண்ணாமலே ஒன்று, இரண்டு, மூன்று போயிற்று. நாலும் போயிற்று.

"டெல்பர்ட்டு," என்றார் ஹாய்ட் குனிந்து. "காலை அசைச்சுக் காட்டு."

அசைத்தார்.

"சரி. அப்ப எந்திரி."

எழுந்து ரிங் நடுவில் உட்கார்ந்தார். இந்த விரல்களால் முடிச்சை அவிழ்க்க முடியாது என்று அவருக்குத் தெரியும். நானூறு பேர் முன்னால் அதுவும் நடக்கப்போகிறது. நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. மற்றதும் அப்படியே. நல்லவேளை டேப் தீர்ந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

பூட்ஸ் இரண்டையும் சேர்த்து வைத்தார். இடது சாக்ஸில் கட்டைவிரல் தெரிந்தது. நானூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓப்பல் அந்தப் பனியனாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பதினேழு வருடத்தில் அவருக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. கார்பின் மட்டும் அவரைப் பார்க்காமல் வாசல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேக்கி அதற்குள் மைக்கை எடுத்து, அடுத்த சனிக்கிழமை கார்பின் யாரோடு மோதுகிறான் என்று அறிவித்துக்கொண்டிருந்தான்.

வெளியே மழை. கார் நிறுத்தத்தில் சாக்ஸோடு தண்ணீரில் நடந்து வந்து டெல்பர்ட் வண்டியில் ஏறினார். நெட்ரா ஏற்கனவே ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருந்தாள். மேலெல்லாம் சீஸ் வாசனை.

"என்னை ஏமாத்திட்டான்," என்றார். "அவன் வேலைக்காக எழுதிக் கொடுத்தேன். அவன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். பதினேழு வருஷம் நெட்ரா. இருநூறு பேருக்கு மேல படுத்திருக்கான். ஒருத்தன் அசையல. தேனீ கொட்டினவன்கூட அசையல. இவனுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

நெட்ரா சீட்டுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு ஜோடி பழுப்புநிற ஷூ. கயிறு இல்லாதது, காலை நுழைத்தால் போதும். பைமேல் தூசி படிந்திருந்தது. ஷூவில் கடைச் சீட்டு இன்னும் தொங்கியது.

டெல்பர்ட் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இந்தக் கடையை மூடி அஞ்சு வருஷம் ஆச்சே."

நெட்ரா வண்டியைக் கிளப்பினாள்.

"ஆறு வருஷமா வண்டியிலதான் கெடக்கு, போட்டுக்க. நானும் ஒவ்வொருத்தன்கிட்டயா கேட்டுப் பாத்துட்டேன், இவன் ஒருத்தன்தான் எந்திரிக்க ஒத்துக்கிட்டான்."