கேட்டை நட்சத்திரக் கால்பந்துக் கழகம்

ஆக்லாந்துத் தமிழர்களிலேயே மிகப் பெரிய பக்தர் பெரு அண்ணைதான். இப்படித்தான் நான் பல மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மங்கரேயில் அவர் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த காலம். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர்; விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். 'பெரு' என்ற பட்டத்துக்குக் காரணம் நான் கேட்கவில்லை. அவர் வயிற்றைப் பார்த்தவர் யாரும் கேட்க மாட்டார்கள். திங்கள்தோறும் விடுப்பு எடுப்பார். விடியும்முன் குளியல், நெற்றி நிறையத் திருநீறு, காலைச் சாப்பாடு கிடையாது. பிறகு ஹால் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளேயிருந்து "ஐயோ, முருகா!" என்று கதறல் வரும். சோமவார விரதம் என்று நினைத்து உருகிப்போனேன். எல்லர்ஸ்லி ஆபீசுக்கு மட்டம் போட்டு, வீட்டிலிருந்து வேலை என்ற பெயரில் படுத்துக் கிடக்கிற எனக்கு வெட்கமாகப் போய், ஒரு திங்கள் நானும் காலைச் சாப்பாட்டை விட்டேன். நூடுல்ஸை நான் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

ஒருநாள் கதறல் எல்லை மீறியது. மாரடைப்பேதான் என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். டி.வி.யில் மலைகளுக்கு நடுவே ஒரு மைதானம். எதிரே, திருநீறும் சிவப்புக் கோடு போட்ட ஜெர்சியுமாக நம் பக்தர்!

"அண்ணே! என்ன இது?"

"பெனால்டி. மறைக்காமல் தள்ளி நில்லும்."

குசினியிலிருந்து அண்ணையின் மனைவி குரல் கொடுத்தார். "அந்தாளைக் குழப்பாதையும் தம்பி. ஏழரைச் சனி நடக்குது."

"அண்ணனுக்கா, அக்கா?"

"அவருக்கேன்? கிளப்புக்கு!"

பிறகு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. கொட்டகையில் கூட வேலை செய்த பெரு நாட்டுக்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது தன் ஊர்க் கழகத்தின் ஜெர்சியைக் கொடுத்துவிட்டுப் போனானாம். என்னிடம் கொடுத்திருந்தால் கார் துடைத்திருப்பேன். அண்ணை கழகத்தையே தத்தெடுத்துக்கொண்டார். அங்கே ஞாயிறு பிற்பகல் ஆட்டம் என்றால் இங்கே திங்கள் காலை. அவ்வளவுதான் விரதம்.

பிள்ளை என்று வந்துவிட்டால் ஜாதகம் வேண்டாமா? கழகம் தொடங்கிய தேதியை வைத்துக் கணித்துவிட்டார். கேட்டை நட்சத்திரம். அதன்பிறகு அந்தக் கழகத்தின் சரித்திரம் முழுக்க அவர் நாக்கில் தசாபுத்தியோடு வந்தது. "ரயில்வேக்காரர் சேர்ந்து தொடங்கினது, தம்பி. சுக்கிர தசையிலை கப் அடிச்சவை. மைதானம் அவ்வளவு உயரம், வெளியூர்க்காரன் வந்தால் மூச்சு வாங்கியே தோற்பான். ராகு தசை வந்தது பாரும், கிளப் தலைவர் டீம் பஸ்ஸோடை காணாமல் போயிட்டார்."

"பஸ் கிடைச்சுதா?"

"பஸ் கிடைச்சுது."

சனிக்கிழமைகளில் கோயில். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிட்டு, ஐயரின் வாயில் நுழையாத அந்த ஸ்பானியப் பெயரைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்லிக்கொடுப்பார். "கோத்திரம்?" என்பார் ஐயர். "சிவ கோத்திரம் எண்டு போடுங்கோ, ஐயா. அவையும் மலையிலைதானே இருக்கினம்."

அந்த வருடக் கடைசி ஆட்டம். வென்றால் இரண்டாம் பிரிவில் தங்கலாம். இல்லாவிட்டால் மாகாண லீக். அதை எந்த டி.வி.யும் காட்டாது. முந்தின வெள்ளிக்கிழமை அண்ணை பேயறைந்த முகத்தோடு என் அறைக்கு வந்தார். கழகம் உண்மையில் அவர் ஜாதகம் கணித்த தேதிக்குச் சில வாரம் முன்பே தொடங்கப்பட்டதாம். பழைய தேதி தவறு என்று கழகமே அறிவித்துவிட்டதாம்.

"அது கேட்டை இல்லையடாப்பா! ரோகிணி! இவ்வளவு காலமும் ஆருக்கு அர்ச்சனை செய்தன்?"

சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கூடாது என்று தெரிந்தது. மறுநாள் ரோகிணிக்கு அர்ச்சனை. தட்டு நான் வாங்கினது. தேங்காய் அழுகல், அதையும் நானே பொறுக்கி எடுத்தேன்.

திங்கள் காலை நானும் ஹாலில் உட்கார்ந்தேன். ஒரு கோல் போட்டு முன்னிலையில் இருந்தார்கள். கடைசி நிமிடத்தில் நம் ஆளே, எதிரில் யாருமே இல்லாமல், பந்தைத் தலையால் நம் வலைக்குள் தள்ளினான். 'நம் ஆள்' என்று நான் எப்போது சொல்லத் தொடங்கினேன் என்பது வேறு அதிர்ச்சி. அண்ணை கதறவில்லை. ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார். "நீர் போய்ச் சாப்பிடும்" என்றார்.

புதிய பருவம் தொடங்கிய திங்கள், ஹாலில் எட்டிப் பார்த்தேன். குளியல், திருநீறு, ஜெர்சி. எதிரே அணைந்த டி.வி.

"அண்ணே, ஒண்ணுமே தெரியலையே?"

"எங்களுக்குத்தான் தெரியேல்லை. அங்கை அவங்கள் விளையாடுறாங்கள்தானே?"

ஆபீஸ் மீட்டிங்குக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கறுப்புக் கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அண்ணை கடிகாரத்தைப் பார்த்தார். "இடைவேளை. ஒரு தேத்தண்ணி போடும்."

கெட்டில் கொதிக்க அன்று ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியவில்லை. இரண்டாம் பாதி தொடங்கிவிடுமோ என்று, தளும்பத் தளும்ப, கோப்பைகளோடு ஓடினேன்.